ஆங்கிலம் படிக்க வந்த மாணவர்களைச் சனிக்கிழமை எங்கே கூட்டிப்போவது?

பூமலை_டீச்சர் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். சிங்கப்பூர் நகரத்தில் ஒரு தனியார் மொழிப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வியட்நாம், மியன்மார், தாய்லாந்து, சீனா, கொரியா, ஜப்பான் என்று பல ஊர்ப் பிள்ளைகள். பிள்ளைகள் என்கிறேனே தவிர, வயது 17 முதல் 40 வரை இருக்கிறது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இவர்களை வெளியே அழைத்துப்போகும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. "ஊரையும் பார்க்கட்டும், ஆங்கிலமும் பேசட்டும்" என்பது மேலிடத்து உத்தரவு.

ஊரைப் பார்க்கிறார்கள். அதில் குறையில்லை. போன வாரம் மெர்லயன் சிலை. 8.6 மீட்டர் உயரச் சிங்கம் துப்பும் தண்ணீரை வாயில் பிடிப்பதுபோல் இருபத்துச் சொச்சம் பேரும் வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். வியட்நாம் ஆட்கள் ஒரு பக்கம், சீன ஆட்கள் ஒரு பக்கம், ஜப்பான் பெண்கள் இருவர் குடைக்குள். நாலு மணி நேரத்தில் என் காதில் விழுந்த ஒரே ஆங்கிலம் "டீச்சர், டாய்லெட் வேர்?"

மெர்லயன், கரையோரப் பூந்தோட்டம், செந்தோசா எல்லாம் முடிந்தது. வேறு எங்கே போகலாம்? இடத்தை மாற்றினால் போதுமா, இல்லை நான் கூட்டிப்போகும் முறையே தப்பா?

கணக்குப்புலி | ஞாயிறு, இரவு 10.05

முறை, இடம் எல்லாம் அப்புறம். முதலில் காசைப் பேசுவோம். என் தங்கை மகன் சென்னையிலிருந்து இங்கே வந்து ஆறு மாதம் ஆங்கிலம் படித்தான். பள்ளியின் பெயர் வேண்டாம். "பண்பாட்டு உலா" என்று தனியாகப் பணம் வாங்கினார்கள். எங்கே போனான் என்று கேட்டால் பூமலைக்காம், அதான் பொட்டானிக் கார்டன்ஸுக்கு! பூமலைக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. அதிகாலை 5 மணிக்குத் திறந்தால் நள்ளிரவு 12 வரை யாரும் உள்ளே போகலாம். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட். அதற்குள் இவர்கள் போகவே இல்லை. பஸ்ஸில் ஏற்றி, இறக்கி, வாசலில் படம் எடுத்து, திரும்பவும் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்கள்.

ஸ்டூடண்ட் பாஸில் வந்து மொழிப்பள்ளியில் படிப்பவர்கள் வேலை பார்க்க முடியாது. ஊரிலிருந்து வரும் பணத்தில்தான் எல்லாம். டீச்சர் எந்த இடத்துக்குப் போனாலும் சரி, இலவசமாக இருக்கட்டும்.

வழிகாட்டி72 | ஞாயிறு, இரவு 10.50

கணக்குப்புலி சொல்வதில் நியாயம் உண்டு. முப்பது வருடம் சுற்றுப்பயணிகளை அழைத்துப்போனவன் என்ற முறையில் சொல்கிறேன். (காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாதவரைப் பள்ளி அமர்த்தினால் "எங்கே உங்கள் அட்டை?" என்று கேளுங்கள் டீச்சர்.)

பஸ் வேண்டாம். தெலுக் ஆயர் ரயில் நிலையத்தில் இறங்கி நடங்கள். தெலுக் என்றால் மலாயில் விரிகுடா, ஆயர் என்றால் தண்ணீர். பேரில்தான் இப்போது தண்ணீர் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடலைத் தூர்க்கும்வரை அந்தச் சாலையோரத்தில்தான் அலை அடித்தது. கப்பலில் வந்தவர்கள் உயிரோடு கரையேறியதும் கும்பிட்ட இடங்கள் இன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. சீனாவிலிருந்து வந்த ஹொக்கியன் மக்கள் கடல் தெய்வம் மாசூவுக்குக் கட்டிய கோயிலான தியன் ஹொக் கெங் 1839இல் தொடங்கி 1842இல் முடிந்தது. அதற்கும் முன்னால், 1828 முதல் 1830க்குள், நம் தமிழ் முஸ்லிம்கள் கட்டியது நாகூர் தர்கா. நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகக் கட்டியது. இப்போது அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம். இன்னும் கொஞ்சம் நடந்தால் அல்-அப்ரார் பள்ளிவாசல். நம் ஆட்கள் அதைக் குச்சுப் பள்ளி என்பார்கள். குடிசையாக இருந்த காலத்துப் பெயர்.

உங்கள் வியட்நாம் மாணவர்களிடம் மாசூவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சைகோனில் சோலோன் பக்கம் அதே அம்மனுக்குக் கோயில் இருக்கிறது, தியன் ஹவ் என்ற பெயரில். நாகூர் சமாசாரத்தை அவர்களுக்கு நீங்கள் சொல்லுங்கள், சோலோன் சமாசாரத்தை அவர்கள் உங்களுக்குச் சொல்லட்டும். நீங்களே முழுக்கப் பேசிக்கொண்டிருந்தால் அவர்கள் எப்போது வாயைத் திறப்பது? நானும் பல வருடம் அந்தத் தப்பைச் செய்தவன்தான். கையில் ஒலிபெருக்கி இருந்தால் வாய் நிற்காது.

கோப்பி_ஓ | ஞாயிறு, இரவு 11.30

அப்பா பிடோக் பக்கம் உணவங்காடியில் பானக்கடை வைத்திருந்தார். பள்ளி விட்டதும் எனக்கு அங்கேதான் வேலை. நான் சொல்வது ஒன்றுதான்: ஆளுக்கு இரண்டு வெள்ளி (டாலர்) கொடுத்துத் தனியாகக் கோப்பி வாங்கி வரச் சொல்லுங்கள்.

ஒரு தடவை ஒரு ஜப்பான் பெண் கடைக்கு வந்து, "மே ஐ ப்ளீஸ் ஹேவ் எ காஃபி வித் மில்க், வித்தவுட் சுகர்" என்றார். பாடப்புத்தக ஆங்கிலம், ஒரு தப்பு கிடையாது. அப்பா ஒரு நொடி அவரைப் பார்த்துவிட்டு, "கோப்பி சி கோசோங்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே ஆற்ற ஆரம்பித்தார். அந்தப் பெண் பயந்துவிட்டார். தான் கேட்டது இவருக்குப் புரியவில்லை, வேறு எதையோ போடுகிறார் என்று நினைத்து, "நோ நோ, காஃபி!" என்கிறார். அப்பா, "யெஸ் யெஸ், கோப்பி!" என்கிறார். இப்படியே நாலைந்து முறை. பின்னால் நின்ற சீன ஆண்டி ஒருவர்தான் தலையிட்டு விளக்கினார்: வெறும் கோப்பி என்றால் இனிப்புப் பால் போட்டது, ஓ என்றால் பால் இல்லாமல் சர்க்கரை மட்டும், சி என்றால் ஆவிப்பால் (இனிப்பில்லாத டின் பால்), கோசோங் என்றால் மலாயில் காலி, அதாவது சர்க்கரை கிடையாது, பெங் என்றால் ஐஸ், சியு தாய் என்றால் இனிப்புக் குறைவு. அந்தப் பெண் நோட்டுப்புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். மறுநாள் தோழிகள் மூன்று பேரோடு வந்து அவர்தான் எல்லாருக்கும் சேர்த்து ஆர்டர் கொடுத்தார். அப்பா அன்றைக்குக் காசு வாங்கவில்லை.

ஆண்டி விளக்கியது முழுக்க ஆங்கிலத்தில்தான் என்பதையும் கவனியுங்கள்.

அப்புறம், தட்டையும் கோப்பையையும் திருப்பி வைக்கச் சொல்லிக்கொடுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடிகளில் அது சட்டம். மேசையில் டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், எடுத்து மூக்கைத் துடைத்துவிட வேண்டாம். சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.

பூமலை_டீச்சர் | திங்கள், மாலை 6.15

கோப்பிக் கதையைப் படித்ததும் எனக்கு உபின் ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் புலாவ் உபின் தீவுக்குப் போனோம். 22 மாணவர்கள், நான். சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் போய் நின்ற பிறகுதான் விஷயம் உறைத்தது. பம்போட் என்கிற சின்ன மோட்டார் படகில் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு சேர்ந்தால்தான் கிளம்பும், இல்லாவிட்டால் காலி இடத்துக்கும் நாமே காசு கொடுக்க வேண்டும். முதல் படகில் பன்னிரண்டு பேர் ஏறிப் போய்விட்டார்கள். மிச்சம் நானும் பத்துப் பேரும். ஓர் ஆள் குறைவு. அந்த ஓர் இடத்துக்கும் நானே கொடுத்துவிடலாம் என்று பையைத் திறக்கும்போது தூண்டில், பனிப்பெட்டி சகிதம் ஒரு சீன அங்கிள் வந்து, "வெயிட்டிங் ஃபார் மீ ஆ?" என்றார்.

படகில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது ஒரு மியன்மார்ப் பையன். வகுப்பில் அவன் குரலை நான் கேட்டதே அபூர்வம். அங்கிள் அவனைப் பார்த்து, "ஈட் ஆல்ரெடி?" என்றார். பையன் என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன். (வேண்டுமென்றுதான்.) "யெஸ், ஐ ஏட் ரைஸ்," என்றான். "சோ எர்லி ஈட் ரைஸ்! யூ ஃப்ரம் வேர்?" அவ்வளவுதான். பத்து நிமிடப் பயணம் முழுக்க இரண்டு பேரும் மீனைப் பற்றிப் பேசினார்கள். பையனின் அப்பா ஐராவதி ஆற்றில் மீன் பிடிப்பவராம். நாலு மாதம் பாடம் நடத்திய எனக்கு அது தெரியாது. இறங்கும்போது அங்கிள் பனிப்பெட்டியைத் திறந்து தன் இறால் இரையைக் காட்ட, பையன் கையை விரித்து "எங்கள் ஊரில் இவ்வளவு பெரிசு" என்று ஏதோ சொல்ல, இருவரும் சிரிக்கிறார்கள்.

முதல் படகில் போன பன்னிரண்டு பேரும் தங்களுக்குள்ளேயே அவரவர் மொழியில் பேசிக்கொண்டு போய் இறங்கியிருந்தார்கள். அதே கடல், அதே படகு.

கணக்குப்புலி | திங்கள், இரவு 8.20

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. "ஈட் ஆல்ரெடி?", "யூ ஃப்ரம் வேர்?" இதைக் கற்றுக்கொள்ளவா ஊரிலிருந்து அவ்வளவு செலவு செய்து வருகிறார்கள்? நாளைக்கு ஐஇஎல்டிஎஸ் தேர்வில் போய் "கேன் லா" என்று சொன்னால் மதிப்பெண் போடுவார்களா? அரசாங்கமே 2000இல் நல்ல ஆங்கிலம் பேசுவோம் என்று இயக்கம் ஆரம்பித்தது. காரணம் இல்லாமலா?

பூமலை_டீச்சர் | திங்கள், இரவு 8.45

அந்தப் பையனே மறுநாள் வகுப்பில் கேட்டான்: "டீச்சர், 'ஈட் ஆல்ரெடி' கரெக்டா?" எழுத்தில் எப்படி வரும், தேர்வில் எப்படிச் சொல்ல வேண்டும், அங்கிள் ஏன் அப்படிச் சொன்னார் என்று முக்கால் மணி நேரம் அன்றைக்கு அதே பாடம். 'ஹேவ் யூ ஈட்டன்?' என்பதை அதற்கு முன் பத்து முறை நடத்தியிருப்பேன், ஒருவரும் கேள்வி கேட்டதில்லை. அதுவும் தவிர, நாமும் ஒருவரைப் பார்த்தால் "சாப்பிட்டாச்சா" என்றுதானே ஆரம்பிக்கிறோம்? அங்கிள் ஹொக்கியனில் கேட்பதை ஆங்கிலத்தில் கேட்டார், அவ்வளவுதான்.

மதுரை_டு_உட்லண்ட்ஸ் | திங்கள், இரவு 11.10

நான் மாணவன். டீச்சர் பள்ளி இல்லை, வேறு பள்ளி. வந்து மூன்று மாதம் ஆகிறது. வகுப்பில் தமிழ் ஆள் நான் ஒருவன்தான்.

எங்களை லிட்டில் இந்தியா கூட்டிப்போனார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குக் கடுப்பு. ஆங்கிலம் படிக்க விமானம் ஏறி வந்தவனை மறுபடியும் மல்லிகைப்பூக் கடை வாசலிலா கொண்டுபோய் நிறுத்துவது? கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "தம்பி எந்த ஊரு?" என்கிறார். எனக்கு எதற்கு இந்த உலா என்று ஓரமாக நின்றேன்.

அப்போது கூட வந்த கொரியப் பெண் கட்டித் தொங்கவிட்டிருந்த மாலை ஒன்றைக் கையில் எடுத்து, மூக்கில் வைத்து ஆழமாக முகர்ந்துவிட்டார். கடைக்கார அக்காவின் முகம் சுருங்கிப்போனது. ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த மாலையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். கொரியப் பெண்ணுக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சாமிக்குப் போகும் பூவை முகரக் கூடாது என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? "காட்... ஃபர்ஸ்ட் ஸ்மெல். தென் வீ ஸ்மெல்," என்றேன். "ஏன்?" என்றார். ஏனா! இருபத்து மூன்று வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. முகர்ந்தால் அது பயன்படுத்திய பூவாகிவிடும், விருந்தாளிக்கு வைத்த இலையில் நாம் முதலில் கை வைப்பதுபோல என்று எப்படியோ சொல்லி முடித்தேன். வேர்த்துவிட்டது. பிறகு எலுமிச்சை எதற்கு, வாசலில் கோலம் எதற்கு, வீரமாகாளியம்மன் ஏன் கோபமாக இருக்கிறாள் என்று வரிசையாகக் கேள்வி. அந்த இரண்டு மணி நேரத்தில் பேசிய ஆங்கிலத்தை அதற்கு முன் இரண்டு மாதத்தில் பேசியிருக்க மாட்டேன்.

அந்த மாலையைக் கடைசியில் அவரே காசு கொடுத்து வாங்கிக்கொண்டார். கடைக்கார அக்கா பாதி விலைக்குக் கொடுத்தார்.

தேக்காவாசி | செவ்வாய், காலை 7.30

தம்பி, லிட்டில் இந்தியா என்பதெல்லாம் சுற்றுப்பயணிக்கு வைத்த பேர். இது தேக்கா. மூங்கிலடி என்பதற்கான ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்தது. பக்கத்துச் சந்துக்குக் கெர்பாவ் ரோடு என்று பேர், மலாயில் எருமை. இன்னொரு சந்துக்கு ஆங்கிலத்திலேயே பஃபலோ ரோடு. ஒரு காலத்தில் இங்கே மாட்டுத் தொழுவம். இதையெல்லாம் மாணவர்களுக்கு நீங்கள் சொல்லாதீர்கள் டீச்சர், கடைக்காரர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு கதை விடுவார்கள், அதுவும் நல்லதுதான்.

ஈரச்சந்தைக்குக் காலை எட்டு மணிக்குள் வாருங்கள். ஒரு காய், அதன் பேர், அதை எப்படிச் சமைப்பது, இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். போன மாதம் ஒரு கூட்டம் இப்படித்தான் வந்தது. ஒரு பையன் என் கடையில் முருங்கைக்காயைக் காட்டி என்ன என்றான். "ட்ரம்ஸ்டிக்" என்றேன். கைபேசியில் தட்டிப் பார்த்தான், கோழிக்கால் படம் வந்தது. என்னையும் பார்க்கிறான், காயையும் பார்க்கிறான். "நோ சிக்கன்?" என்றான். சரி வா என்று ஒரு காயை வெட்டி, எப்படிச் சப்பிவிட்டுச் சக்கையைத் துப்ப வேண்டும் என்று வாயாலேயே செய்து காட்டினேன். வெண்டைக்காயின் ஆங்கிலப் பேரைச் சொன்னதும் தன் விரலைப் பார்த்துக்கொண்டான் பாவம்.

ஒன்று மட்டும். இருபது பேராக வந்து வழியை அடைக்காதீர்கள். சனிக்கிழமை காலை எங்களுக்கு வியாபார நேரம்.

இன்னொன்று, இளவட்டங்கள் பீர் வாங்கிக்கொண்டு திடலில் உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் வட்டாரத்தில் சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கவே கூடாது. வேப் (மின்சிகரெட்) இந்த நாட்டிலேயே தடை. விசா பறிபோகும் விஷயத்தில் "எனக்குத் தெரியாது" எடுபடாது. முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வழிகாட்டி72 | செவ்வாய், மதியம் 1.00

தேக்காவாசி சொன்ன கணக்கும் பம்போட் கணக்கும் ஒன்றுதான்: பன்னிரண்டு பேர் சேர்ந்தாலே கூட்டம் தனக்குள்ளேயே பேசிக்கொள்ளும். நான் இன்னும் குறைப்பேன். நாலு பேர் கொண்ட மூன்று குழு, ஒரு குழுவில் ஒரே தாய்மொழிக்காரர் இருவர் கூடாது.

அடுத்த வாரத்துக்கு வாட்டர்லூ தெரு போங்கள். 1870இல் எழுந்த ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் 1884இல் எழுந்த, சீனர்களின் கருணைத் தெய்வம் குவான் இம் கோயிலும் அங்கே பக்கத்துப் பக்கத்தில். குவான் இம்மைக் கும்பிட்டுவிட்டு வரும் சீனப் பக்தர்கள் கிருஷ்ணன் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிவிட்டுத்தான் போவார்கள். அவர்களுக்காகவே வாசலில் ஊதுபத்திக் கலசம் உண்டு. அதே தெருவில் 1878ஆம் ஆண்டு யூதர்களின் தொழுகைக்கூடமும் இருக்கிறது. "ஏன் இரண்டிலும் கும்பிடுகிறீர்கள்?" என்று அங்கே யாரிடமாவது மாணவர்கள் கேட்கட்டும். எனக்கு ஒரு பாட்டி சொன்ன பதில்: "நெய்பர் மா. பாஸ் பை, மஸ்ட் சே ஹலோ."

கிருஷ்ணன் கோயிலில் மதியத்தில் நடை சாத்துவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். தோள், முட்டி மூடிய உடை. காலுறை ஓட்டை இல்லாமல் இருந்தால் நல்லது.

கோப்பி_ஓ | செவ்வாய், மதியம் 1.25

வெளியே கூட்டிப்போவது என்றால் பார்க்கிற இடமாகத்தான் இருக்க வேண்டுமா? சனிக்கிழமை காலை 7.30க்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பார்க்ரன் என்ற கூட்டு ஓட்டம் நடக்கிறது. ஐந்து கிலோமீட்டர், இலவசம், நடக்கவும் செய்யலாம். ஓட முடியாதவர்கள் தொண்டூழியராக நின்று கைதட்டலாம். முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து அரட்டைதான். பேச்சு வரவில்லை என்றால் மேடைப்பேச்சுப் பயிற்சி மன்றமான டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டங்களுக்கு விருந்தினராகப் போய் உட்காரலாம். ஒரு தடவை பார்த்த இடத்துக்கு மறுபடி போக மாட்டார்கள், பழகின ஆள் இருக்கும் இடத்துக்குப் போவார்கள்.

பூமலை_டீச்சர் | புதன், இரவு 9.00

எல்லாருக்கும் நன்றி. பள்ளியில் பேசிவிட்டேன். 22 பேரை இரண்டாகப் பிரித்து வாரம் மாற்றி வாரம் அழைத்துப்போக ஒத்துக்கொண்டார்கள். பஸ் கிடையாது. அவரவர் அட்டையைத் தட்டி ரயிலில் வந்து சேர வேண்டும், வழி தெரியாவிட்டால் கேட்டு வர வேண்டும். தொலைந்துபோனால் என்ன செய்வது என்று நிர்வாகி கேட்டார். தொலைந்தால் நிச்சயம் ஆங்கிலம் பேசுவார்கள் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால் எல்லார் கைபேசியிலும் என் எண் இருக்கும்.

சனி காலை 8.30, வாட்டர்லூ தெரு. பத்து மணிக்குப் பக்கத்தில் உள்ள ஆல்பர்ட் சென்டர் உணவங்காடி. இங்கே ஒரு விண்ணப்பம். உங்களில் யாராவது அங்கே வந்து சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. மாணவர்கள் வந்து பேசினால் பேசுங்கள், உங்களுக்குப் பானம் வாங்கித் தருவது அவர்களுக்குப் பயிற்சி.

மதுரை_டு_உட்லண்ட்ஸ் | புதன், இரவு 9.10

நான் வருகிறேன் டீச்சர். என் நண்பர் ஒருவர், அதே கொரியப் பெண், அவரும் வருவார். கிருஷ்ணன் கோயில் பூவைப் பற்றி யாராவது கேட்டால் இப்போது அவரே சொல்லிவிடுவார்.

கணக்குப்புலி | புதன், இரவு 9.40

எனக்குச் சனி காலை வேலை இல்லை. வரலாம். பானத்துக்குக் காசு யார் கொடுப்பது?

பூமலை_டீச்சர் | புதன், இரவு 9.42

மாணவர்கள்தான். உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லுங்கள். அதைக் கடைக்காரருக்குப் புரிகிறபடி மாற்றிக் கேட்பது அவர்கள் பாடு.

கணக்குப்புலி | புதன், இரவு 9.50

தே (டீ) சி கோசோங். எனக்குச் சர்க்கரை வியாதி. தப்பாக வாங்கி வந்தால் திருப்பி அனுப்புவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.